நியூயார்க் சப்வே நிலையத்தின் வயதைச் சுவரிலிருந்து படிப்பது எப்படி

நம் ஊரில் சப்வே என்றால் ரயில் பாதைக்கோ சாலைக்கோ அடியில் மழைநீர் தேங்கி நிற்கும் வழி. நியூயார்க்கில் அது ஊர் முழுக்க ஓடும் சுரங்க ரயில். இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடும் அந்த ரயிலின் பழைய நிலையங்களில் நூற்றிருபது ஆண்டு வரலாறு கண்ணெதிரே ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. ஒரு முறை கட்டணம் செலுத்தி உள்ளே போய், அரை நாள் ஒதுக்கி, சரியான இடத்தில் சரியான பக்கம் பார்த்தால் போதும்.

பார்க்கத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையங்களை மாற்றியதும் மூடியதும் ஒட்டுப்போட்டதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ரயிலின் நீளம். 1904இல் சாதாரண நிலையங்களின் நடைமேடை 200 அடி. விரைவு ரயில் நிற்கும் நிலையங்கள் 350 அடி. இன்று அதே பாதையில் ஓடும் ரயிலுக்குப் பத்துப் பெட்டி. பெட்டிக்கு 51 அடி என்று வைத்தால் 510 அடி. இடையில் கூடிய முந்நூறு அடிக்காக எங்கே தோண்டினார்கள், எங்கே முடியாமல் விட்டார்கள் என்று தேடிக்கொண்டே போனால் மற்ற விவரங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

புறப்படும் முன்

வார நாளில் காலை பத்து மணிக்கு மேல், மாலை மூன்றுக்குள் போங்கள். அலுவலக நேரத்தில் சுவர் தெரியாது, மனிதர் முதுகுதான் தெரியும். சனி ஞாயிறில் பராமரிப்பு வேலைக்காகப் பாதையை மாற்றிவிடுவார்கள். எல்லா நிலையத்திலும் நிற்கும் உள்ளூர் ரயில் விரைவுத் தடத்தில் ஓடினால் பார்க்க வேண்டிய பாதி நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். கிளம்புமுன் அன்றைய சேவை மாற்றங்களைப் பார்த்துவிடுங்கள்.

கையில் ஒரு சிறிய அளவு நாடா, கைப்பேசி, குறிப்பேடு போதும். சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் முக்காலி, தனி விளக்கு, ஒளியைத் திருப்பும் தட்டு கூடாது. அளப்பதெல்லாம் சுவரோரமாக மட்டும். மஞ்சள் பட்டையைத் தாண்டி எட்டிப் பார்க்கவே வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டிப் போகும் மூன்றாவது தண்டவாளத்தில் 625 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது.

புதிதாக வருபவர்கள் அடிக்கடி பணத்தை இழப்பது ஒரு விஷயத்தில். 1904இன் சாதாரண நிலையங்களில் வடக்கே போகும் நடைமேடையும் தெற்கே போகும் நடைமேடையும் தண்டவாளத்துக்கு இருபுறமும் தனித்தனியாக இருக்கும். பலவற்றில் உள்ளுக்குள்ளேயே கடக்க வழி கிடையாது. ஆஸ்டர் பிளேஸில் எதிர்ப்பக்கச் சுவரைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் மேலே ஏறிச் சாலையைக் கடந்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். அதனால் பயணத்தை ஒரே திசையில் அமைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வழி அப்படி அமைந்ததுதான். 1904 அக்டோபர் 27 அன்று திறந்த முதல் பாதையும் அதுவே: சிட்டி ஹாலில் தொடங்கி மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கமாக ஏறி, 42ஆம் தெருவில் குறுக்கே திரும்பி, பிராட்வேயின் கீழ் வடக்கே 145ஆம் தெருவரை. 28 நிலையங்கள், சுமார் 9 மைல், கட்டணம் 5 சென்ட். முதல் ரயிலை மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன் கையில் கொடுத்தார்கள். சும்மா கிளப்பிவிட்டுக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தால், அவர் விடாமல் 103ஆம் தெருவரை தாமே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூடிய நிலையம் இரண்டை ரயிலிலிருந்தே பார்த்தல்

கனால் ஸ்ட்ரீட்டில் தெற்கே போகும் 6ஆம் எண் ரயிலில் ஏறுங்கள். போகும் திசைக்கு வலப்பக்கக் கதவோரம் நில்லுங்கள். கண்ணாடியில் உள்விளக்கு பட்டுப் பிரதிபலிக்கும். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணோரம் மறைத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால்தான் வெளியே தெரியும். படம் எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். ரயில் கிளம்பிச் சிறிது நேரத்தில் இருட்டில் ஒரு நடைமேடை நழுவிப் போகும். வொர்த் ஸ்ட்ரீட், 1962இல் மூடியது. அடுத்த நிலையமான புரூக்ளின் பிரிட்ஜின் நடைமேடையை வடக்கே நீட்டியதும் இரண்டுக்கும் இடையே தூரமே இல்லாமல் போயிற்று. அதனால் இது வேண்டாததாகிவிட்டது. இங்கே கண் பழகிக்கொண்டால் அடுத்தது எளிது.

அடுத்து புரூக்ளின் பிரிட்ஜ்–சிட்டி ஹால். தெற்கே இதுதான் கடைசி நிறுத்தம் என்று அறிவிப்பு வரும். இறங்காதீர்கள். 6ஆம் எண் ரயில் வடக்கே திரும்புவதற்காக ஒரு வளையத்தைச் சுற்றி வரும். அந்த வளையத்தில்தான் மூடிக் கிடக்கும் சிட்டி ஹால் நிலையம் இருக்கிறது. பெட்டியில் உட்கார்ந்தே சுற்றி வரலாம். ஊழியர் இறங்கச் சொன்னால் வாதிடாமல் இறங்கி அடுத்த ரயிலில் முயலுங்கள். வெயிலடிக்கும் நண்பகல் நல்ல நேரம், கூரையில் பதித்த கண்ணாடிச் சாளரங்கள் வழியே கொஞ்சம் பகல் வெளிச்சம் இறங்கும்.

வலப்பக்கம் பார்த்தபடியே இருங்கள். ரயில் இடப்பக்கமாக வளைகிறது, நடைமேடை வளைவின் வெளிப்புறத்தில் இருக்கிறது. சக்கரம் கிறீச்சிடும் வேகக் குறைவில் பச்சையும் பழுப்பும் வெண்மையும் கலந்த ஓட்டு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவே மாடிப்படியின் வாயில் வளைவு, அதன்மேல் நிலையத்தின் பெயர். தொங்கும் பித்தளை விளக்குகள். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே முதல் சுற்றில் படம் எடுக்க வேண்டாம், பாருங்கள். படம் இரண்டாம் சுற்றில்.

இவ்வளவு அழகான நிலையத்தை 1945 டிசம்பர் 31 அன்று ஏன் மூடினார்கள்? விடை அந்த வளைவில்தான் இருக்கிறது. ரயில் பெட்டி நேர்கோடு, நடைமேடை வில். வில்லின் வெளிப்புறத்தில் நின்று பார்த்தால் பெட்டியின் இரு முனைகளும் நடைமேடையை நெருங்கி வரும், நடுப்பகுதி விலகி நிற்கும். முதலில் ஓடிய பெட்டிகளுக்கு முனைகளில் மட்டுமே கதவு, அதனால் சிக்கலில்லை. பிறகு கூட்டம் பெருகி நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்தன. நடுக்கதவைத் திறந்தால் காலுக்கும் நடைமேடைக்கும் இடையே ஆபத்தான இடைவெளி. அந்தக் கடுமையான வளைவில் நடைமேடையை நீட்டுவதும் எளிதல்ல. அருகிலேயே விரைவு ரயில் நிற்கும் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம் இருந்ததால் கடைசிக் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 600 பேர்தான் இங்கே வந்தார்கள். ஆகவே மூடினார்கள். ஆனால் ரயிலைத் திருப்ப வளையம் தேவைப்பட்டது, அதனால் இடிக்கவில்லை. நமக்கு அது மிச்சமானது அப்படித்தான்.

இதே இடைவெளிச் சிக்கலை இன்றும் பார்க்க வேண்டுமானால் 14ஆம் தெரு–யூனியன் ஸ்கொயரில் தெற்கே போகும் நடைமேடை ஓரத்தைப் பாருங்கள். ரயில் நின்றதும் இரும்புத் தட்டுகள் முன்னே நகர்ந்து இடைவெளியை மூடும். கிளம்புமுன் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவற்றின் மேல் நிற்கக் கூடாது.

அந்தக் கூரையைக் கிட்டத்தில் பார்க்க

சிட்டி ஹால் நிலையத்துக்குள் இறங்க ஒரே வழி, நியூயார்க் டிரான்சிட் மியூசியம் தன் உறுப்பினர்களுக்கு நடத்தும் சுற்றுலா. அது கிடைக்காவிட்டாலும் அந்தக் கூரையைக் கட்டிய முறையைத் தலைக்கு மேலேயே பார்க்க முடியும். புரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்துக்கு மேலே நகராட்சிக் கட்டடத்தின் தென்பக்கம், சப்வே படிக்கு மேலிருக்கும் திறந்த மண்டபத்துக்கு வாருங்கள். கூரை முழுக்க ஓடு பதித்த வளைவு. இதுவும் சிட்டி ஹால் கூரையும் ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து வந்த குவாஸ்தவீனோ குடும்பத்தின் வேலைமுறையில் எழுந்தவை. கிராண்ட் சென்ட்ரலில் ஆய்ஸ்டர் பார் உணவகத்துக்கு முன்னாலிருக்கும் தாழ்ந்த வளைவும் அவர்களுடையதே.

மெல்லிய ஓடுகளைப் படுக்கையாக வைத்து, சட்டென்று இறுகும் சாந்தால் ஒட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கை, கீழடுக்கின் மூட்டு மேலடுக்கின் ஓட்டுக்கு நடுவில் வருமாறு ஒட்டுவார்கள். இப்படி இரண்டு மூன்று அடுக்கு. ஓடு ஓட்டைப் பிடித்துக்கொள்வதால் அடியில் முழுச் சாரம் வேண்டியதில்லை. முட்டை ஓடு மெல்லியதாக இருந்தும் வளைவால் தாங்குகிறதே, அதே கணக்கு. கீழிருந்து பார்க்கும்போது மூட்டுக்கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கவனியுங்கள். மீன்முள் வடிவில் போனால் அது ஒட்டும் வரிசையின் தடம்.

மேலே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போகக் கட்டணம் உண்டு. அது வேண்டாமென்றால் இந்த மண்டபத்தைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்து வடக்கே ஒரு நிறுத்தம் போய்த் திரும்புங்கள்.

நீர் எப்படி வருகிறது

புரூக்ளின் பிரிட்ஜ் நடைமேடையிலிருந்து வெளியேறாமலே ஜே, இசட் ரயில்கள் நிற்கும் சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டுக்குப் படி இருக்கிறது. 1913இல் திறந்த பிரம்மாண்டமான நிலையம். இன்று அதில் பாதி நடைமேடை வெறுமையாகக் கிடக்கிறது. சுவரில் புரூக்ளின் பாலத்தின் உருவம் பதித்த சுடுமண் பலகைகள் உண்டு. ஆனால் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓடு உதிர்ந்த இடங்கள். நிலையம் சீர்கெடும் விதத்தை இங்கே போல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது.

வெள்ளையாக வழிந்து உறைந்திருப்பது சுண்ணாம்பு. மேலிருந்து கசியும் நீர் கான்கிரீட்டிலும் சாந்திலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து வந்து, காற்றுப் பட்டதும் விட்டுவிட்டுப் போகிறது. பழுப்பு வழிசல் என்றால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது என்று பொருள். வெள்ளையைவிட அதுவே கவலைக்குரியது, துருப்பிடித்த இரும்பு உப்பி, முன்னாலிருக்கும் ஓட்டைத் தள்ளிவிடும். ஓடு தானாக விழுவதில்லை, பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. உதிர்ந்த இடத்தின் ஓரங்களில் ஓடுகள் வயிறு தள்ளி நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

1904இல் கட்டியவர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். வெளிச்சுவருக்கும் நாம் பார்க்கும் ஓட்டுச் சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டார்கள். ஓடு ஒட்டியிருப்பது 4 அங்குலச் செங்கல் சுவரில். வெளிச்சுவரில் கசியும் நீர் அந்த இடைவெளிக்குள்ளேயே வடிய வேண்டும் என்பது திட்டம். பல நிலையங்களில் அது இன்றும் வேலை செய்கிறது. பிற்காலத்தில் குழாய்க்கும் விளம்பரப் பலகைக்கும் ஆணியடித்துத் துளைத்த இடங்களில் கசிவு முன்பக்கம் வந்துவிட்டது. விளம்பரப் பலகைகள் புதிதல்ல. திறந்த சில நாள்களிலேயே புத்தம்புது ஓட்டைத் துளைத்து மாட்டத் தொடங்கிவிட்டார்கள், ஊரே கூச்சலிட்டும் நிற்கவில்லை.

சுவரைக் கீழிருந்து மேலாகப் படித்தல்

இனி வடக்கே போகும் 6ஆம் எண் ரயிலில் ஏறி ஆஸ்டர் பிளேஸில் இறங்குங்கள். சுவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பதால் படிக்கப் பழக இது நல்ல இடம். முதலில் தரை. தரையும் சுவரும் சந்திக்கும் மூலை கூராக இல்லாமல் உள்வளைவாக இருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவும்போது அழுக்கு தங்கக் கூடாதென்று செய்தது. நம் ஊர் மருத்துவமனை அறைகளில் மூலையை வளைத்துப் பூசுவார்களே, அதேதான்.

அதற்கு மேல் இடுப்பளவுக்குக் குறைவாக நீண்டு மெலிந்த செங்கல். இதை ரோமன் செங்கல் என்பார்கள். நீளம் ஓர் அடி, உயரம் ஒன்றரை அங்குலம். பெட்டியும் சாமானும் உரசும் உயரம் என்பதால் ஓடு வைக்கவில்லை. சில நிலையங்களில் செங்கலுக்குப் பதில் பளிங்கு.

அடுத்து வெள்ளை மெருகு ஓடு, 3 அங்குலத்துக்கு 6 அங்குலம். நாடாவை வைத்துப் பாருங்கள். இன்று நம் ஊர் டைல்ஸ் கடையில் சமையலறைக்கென்று "சப்வே டைல்" கேட்டால் எடுத்துக் காட்டுவது இந்த அளவின் வழித்தோன்றல்தான். வெள்ளை ஓடு கொண்ட சுவரை 15 அடிக்கு ஒன்றாக நிறமுள்ள நிமிர்பட்டை பிரிக்கும். அந்த 15 அடி அலங்காரக் கணக்கல்ல. நடைமேடைத் தூண்களின் இடைவெளியும் 15 அடிதான். எலும்புக்கூட்டின் அளவைத் தோலிலும் காட்டியிருக்கிறார்கள்.

உச்சியில் கூரையை ஒட்டிச் சுடுமண் விளிம்பு, அதில் சீரான இடைவெளியில் பலகைகள். ஆஸ்டர் பிளேஸில் ஒவ்வொன்றிலும் பீவர் என்ற நீரோரக் கொறிவிலங்கு ஒன்று மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். இப்பகுதியின் பெயருக்குரிய ஜான் ஜேக்கப் ஆஸ்டர் பீவர்த் தோல் வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்தவர். பாஸ்டனின் குரூபி பீங்கான் நிறுவனம் செய்த பலகை. அண்ணாந்து நேரே பார்க்காமல் இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வாலின் செதில்களும் மரத்தின் பட்டையும் புடைத்து நிற்பது அப்போதுதான் தெரியும். மெருகு பள்ளத்தில் தேங்கிக் கறுத்தும், மேட்டில் வடிந்து வெளிறியும் இருக்கும். சூளையில் உருகிய மெருகு தானே செய்துகொண்ட நிழல் அது.

இந்தப் படங்கள் எழுத்தறியாத குடியேறிகளுக்காக வைத்தவை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நிலையங்களைச் சுற்றினால் அது நிற்காது. பெரும்பாலானவற்றில் படமே இல்லை, தெருவின் எண்தான் இருக்கிறது. படம் உள்ளவற்றிலும் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. உறுதியான காரணம் ஒப்பந்தத்திலேயே உண்டு. இது ஒரு பெரும் பொதுப்பணி, ஆகவே மக்கள் பார்வையில் படும் பகுதிகள் எல்லாம் பயனோடு அழகையும் கருதியே வடிவமைத்து, கட்டி, பராமரிக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஹைன்ஸ், லாஃபார்ஜ் என்ற இரு கட்டடக் கலைஞர்களை அமர்த்தியது அதற்காகத்தான். பொதுச்சொத்துக்கு அழகும் சட்டப்படி வேண்டும் என்று எழுதிய அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பீவர் இல்லை.

பழைய ஓட்டையும் புதிதாகச் செய்து ஒட்டியதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆஸ்டர் பிளேஸையே 1980களில் புதுப்பித்தார்கள். தெருவில் நிற்கும் வார்ப்பிரும்பு முகப்புக் கூண்டு பழையதைப் பார்த்து அப்போது செய்த நகல். பழைய ஓட்டின் மெருகில் மயிரிழைபோல் விரிசல் வலை ஓடியிருக்கும், மூட்டு மிக மெல்லியது, பக்கத்துப் பக்கத்து ஓடுகளின் வெண்மை ஒன்றுபோல் இராது. புதிய ஓடு ஒரே வெண்மை, மூட்டு அகலம், பரப்பு தட்டை. கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பழைய சுவர் அலையலையாகத் தெரியும்.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடித்தல்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். நடைமேடையின் நடுவில் நின்று தூணைப் பாருங்கள். வட்டமான வார்ப்பிரும்புத் தூணா? அப்படியானால் நீங்கள் நிற்பது 1904. அங்கிருந்து ஒரு முனையை நோக்கி நடங்கள். ஓரிடத்தில் வட்டத்தூண் முடிந்து, இரும்பு உத்தரத்தையே நட்டுவைத்ததுபோல் தட்டையான தூண் வரும். அதற்கு நேரே சுவரைப் பாருங்கள்: சுடுமண் விளிம்பு நின்றுவிடும், ரோமன் செங்கல் நின்றுவிடும், வெறும் ஓடும் எளிய நிறப்பட்டையும் தொடரும். அந்த இடந்தான் ஒட்டு.

வட்டத்தூண் இருக்கும் பகுதியில் இடைவெளிகளை எண்ணி 15ஆல் பெருக்குங்கள். பதின்மூன்று இடைவெளி வந்தால் 195 அடி, பழைய 200 அடி கிட்டத்தட்டச் சரியாக வரும். பதினைந்துக்குப் பக்கம் வந்தால் முதல் நீட்டிப்பையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். 1910இல் உள்ளூர் நிலையங்களை ஆறு பெட்டிக்காகச் சிறிது நீட்டினார்கள். அதில் நடைமேடை 225 அடி அளவுக்கு வந்தது. பெரிய நீட்டிப்பு 1940களின் பிற்பகுதியில், 500 அடியைத் தாண்டி. படிக்கட்டு, பழுது பார்த்த இடம் முதலியவை எண்ணிக்கையைக் குழப்பும், ஆகவே இரண்டு தடவை எண்ணுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவிலும் தூண்கள் உண்டு, அவை 5 அடிக்கு ஒன்று; அவற்றை எண்ணிவிடக் கூடாது. கூரை உண்மையில் அந்தத் தூண்களின்மேல்தான் நிற்கிறது. சாலையைத் திறந்து தோண்டி, 5 அடிக்கு ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தி, சட்டத்துக்குச் சட்டம் கான்கிரீட் வளைவு போட்டு, மேலே மண்ணை மூடிச் சாலையைத் திரும்பப் போட்டார்கள். சென்னையின் பழைய கட்டடங்களில் இரும்பு உத்தரங்களுக்கிடையே சிறு சிறு வளைவாகச் செங்கல் கூரை போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

சாலைக்குச் சில அடி கீழேயே நிலையம் இருப்பதற்கும் அதுவே காரணம். அதிகம் தோண்டவில்லை, ஆகவே ஒரே மாடிப்படியில் இறங்கிவிடுகிறோம். விலையும் உண்டு: நடைபாதையிலிருந்து வடியும் எந்த நீரும் நேரே கூரைக்கு வந்துவிடும்.

மறுபடி 6ஆம் எண், வடக்கே. 14ஆம் தெரு தாண்டியதும் வலப்பக்கம் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். 18ஆம் தெரு நிலையம், 1948இல் மூடியது, கிறுக்கல் ஓவியம் மூடிய சுவரோடு கடந்து போகும். 23ஆம் தெரு நடைமேடையை நீட்டி 22ஆம் தெருவில் வாசல் வைத்ததும் 18ஐ மறுபடி தோண்டி நீட்டும் செலவுக்கு யாரும் சம்மதிக்கவில்லை. 23இல் ஒட்டைப் பார்க்கும்போது, அந்த ஒட்டுக்காகப் போன நிலையத்தைச் சற்றுமுன்தான் கடந்தோம் என்பது நினைவிருக்கட்டும். 33ஆம் தெருவில் இறங்கி, கழுகு எண் 33ஐத் தாங்கும் பலகையையும் ஒட்டையும் ஒருசேரப் பாருங்கள். மேலே படைப்பிரிவின் ஆயுதசாலை இருந்ததால் கழுகு.

மேற்குப் பக்கம்

கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி, டைம்ஸ் ஸ்கொயருக்கு ஓடும் ஷட்டில் ரயிலில் ஏறுங்கள். 1904இன் முதல் பாதை 42ஆம் தெருவின் கீழ் குறுக்கே சென்ற துண்டு அதுதான். 1918இல் கிழக்கிலும் மேற்கிலும் புதிய பாதைகள் திறந்து வழி பிரிந்தபின் அது தனியே நின்றுவிட்டது. டைம்ஸ் ஸ்கொயரில் 1ஆம் எண் ரயில், வடக்கே.

59ஆம் தெரு–கொலம்பஸ் சர்க்கிளில் கொலம்பஸின் கப்பல் சாந்தா மரியா பலகையில் இருக்கும். 72ஆம் தெருவில் நேரமிருந்தால் மேலே ஏறுங்கள்; சாலை நடுவே நிற்கும் செங்கல் வீடுபோன்ற நுழைவுக் கட்டடம் 1904இனது. அதற்கு வடக்கே உள்ளது 2002இல் சேர்த்தது, ஏமாற வேண்டாம். 86 தாண்டியதும் வலப்பக்கம் 91ஆம் தெரு, 1959இல் மூடியது, கதை 18ஆம் தெருவினதேதான்: 96ஆம் தெரு நிலையம் தெற்கே நீண்டுவிட்டது. 116ஆம் தெருவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முத்திரை நீலத்தில். 1979இல் நகரம் பாதுகாக்கப்பட்ட உள்வடிவங்கள் என்று அறிவித்த 12 பழைய நிலையங்களில் இதுவும் ஒன்று. சிட்டி ஹால், ஆஸ்டர் பிளேஸ், 33, 59, 72 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

நிறத்தைப் படித்தல்

1ஆம் எண்ணிலேயே 168ஆம் தெரு வரை போங்கள். ஆழத்தில், குன்றைக் குடைந்து செய்த வளைவுக் கூரை நிலையம். அங்கே லிஃப்டில் ஏறி, வெளியேறாமலே ஏ, சி ரயில்களின் நடைமேடைக்கு மாறலாம். மாறிய கணமே கால் நூற்றாண்டு தாண்டிவிடுவீர்கள். இது நகரமே கட்டிய பாதை, 1932 செப்டம்பர் 10 அன்று திறந்தது. சுடுமண் இல்லை, விலங்கில்லை, கப்பலில்லை. ஸ்குவயர் விக்கர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அலங்காரத்தை எல்லாம் ஒரே நிறப்பட்டையாகச் சுருக்கினார். எழுத்தும் மாறிவிட்டது: பழையதில் முனைகளில் குறுங்கோடு இழுத்த ரோமன் எழுத்து, இங்கே முனை மழித்த நேரான எழுத்து.

பட்டையைப் படிக்கும் முறை இது. மன்ஹாட்டன் மையத்திலிருந்து வெளியே போகப் போக, விரைவு நிலையம் ஒவ்வொன்றிலும் நிறம் மாறும்: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வரிசையில். அடுத்த விரைவு நிலையம் வரும்வரை இடையிலுள்ள சிறு நிலையங்கள் முந்தைய விரைவு நிலையத்தின் நிறத்தையே வைத்துக்கொள்ளும். 42ஆம் தெரு ஊதா, 59 நீலம், 125 பச்சை, 145 மஞ்சள், 168 சிவப்பு. நீங்கள் இப்போது 168இலிருந்து தெற்கே வருவதால் வரிசை தலைகீழாக வரும். சி ரயிலில் ஏறினால் 163, 155 இரண்டிலும் நின்று, 145இன் மஞ்சளை அங்கேயே பார்க்கலாம். ஏ ரயில் அவற்றைத் தாண்டிவிடும். பட்டையின் உயரத்தையும் எண்ணுங்கள்: விரைவு நிலையத்தில் மூன்று ஓடு உயரம், சிறு நிலையத்தில் இரண்டு. நிறம் பழுதுபார்ப்பில் சற்று மாறியிருக்கலாம், உயரத்தின் எண்ணிக்கையைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

145இல் இறங்கி நடைமேடை முனைக்கு நடந்து தூண்களைப் பாருங்கள். முனையிலிருந்து முனைவரை ஒரே தூண், ஒரே பட்டை, ஒட்டு கிடையாது. இந்தப் பாதையின் பல நிலையங்களை 660 அடிக்குக் கட்டினார்கள், 60 அடிப் பெட்டி பதினொன்று நிற்க. இன்று இங்கே ஓடும் ரயில்கள் அதிகபட்சம் 600 அடி. ரயில் வந்து நிற்கும்வரை முனையிலேயே காத்திருங்கள். கடைசிக் கதவுக்கும் உங்களுக்கும் இடையே வெறும் நடைமேடை மிஞ்சிக் கிடக்கும். கதவு மூடுமுன் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆகவே தூணை எண்ணி முடித்ததும் நடுப்பகுதிக்கு வந்துவிடுங்கள்.